சென்னைக்கு 37, வேலூருக்கு 41: கடல் எவ்வளவு தூரம் வரைக்கும் காப்பாற்றும்?

பாலாற்றங்கரை
எல்லாருக்கும் வணக்கம். வேலை மாற்றத்தால் வேலூரிலிருந்து சென்னைக்குக் குடி போகிறோம். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். வெயில் சுத்தமாக ஆகாது. கத்திரி நேரத்தில் எங்கள் ஊரில் 41, 42 எல்லாம் சகஜம் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று திருவான்மியூரில், கடலுக்குப் பக்கம், வாடகை அதிகம். இன்னொன்று பூந்தமல்லியில். சொந்தக்காரர்கள் எல்லாம் "கடலோரத்துல வீடு பாருங்க, ஏசியே வேணாம்" என்கிறார்கள். ஆனால் டிவியில் சில நாள் மீனம்பாக்கம் 42 என்று போடுகிறார்கள். பக்கத்திலேயே அவ்வளவு பெரிய கடலை வைத்துக்கொண்டு அது எப்படி? கடல் உண்மையில் எவ்வளவு குளிர்ச்சி தரும், எத்தனை கிலோமீட்டர் வரை தரும்? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

பெசன்ட்நகர்_அக்கா
தம்பி, சாயங்காலக் காற்று உண்மைதான், அதில் சந்தேகமே வேண்டாம். மே மாதத்திலும் மதியம் ரெண்டு மணிக்கு மேல் பால்கனிக் கதவைத் திறந்தால் ஆளைத் தள்ளுகிற மாதிரி வரும். ஆனால் கசகசப்பு வேறு விஷயம். துவைத்த துணி காயவே பாதி நாள் ஆகும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

புவியியல்_வாத்தியார்
நல்ல கேள்வி. பள்ளிப் புத்தகத்தில் "நீர் மெதுவாகச் சூடாகும், மெதுவாக ஆறும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். அந்த ஒரு வரிக்குள் நாலு சங்கதி இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் தன்வெப்பம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்குத் தேவைப்படுவதைப் போல நாலைந்து மடங்கு. அடுப்பில் தோசைக்கல்லையும் அண்டா நிறையத் தண்ணீரையும் வைத்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கடலின் பலத்தில் இது சின்னப் பங்குதான்.

இரண்டாவது ஆழம். மண்ணில் வெயில் மேல்தோலில் பட்டு அங்கேயே நின்றுவிடும். பகல் சூடு ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே அனேகமாகப் போவதே இல்லை. சித்திரை வெயிலில் வயலில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள், அடிமண் சில்லென்று இருக்கும். கடலில் ஒளியே பல மீட்டர் உள்ளே இறங்குகிறது.

மூன்றாவது கலக்கம். மண் அசையாது. கடல் சும்மா இருக்காது. அலையும் காற்றும் மேல்நீரைக் கீழே கொண்டுபோய்க் கலக்கும். இருபது, முப்பது மீட்டர், சில இடத்தில் அதற்கும் மேலே, ஒரே வெப்பநிலையில் இருக்கும். ராத்திரியில் மேல்நீர் குளிர்ந்தால் கனமாகிக் கீழே இறங்கும், அடியிலுள்ள வெதுவெதுப்பான நீர் மேலே வரும். அதனால் ராத்திரியிலும் கடல் மேற்பரப்பு சட்டென்று ஆறாது.

நான்காவது ஆவியாதல். வெயிலில் வரும் சக்தியில் பெரும்பங்கு கடலில் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. அந்த வெப்பம் காற்றில் நீராவியாக ஒளிந்திருக்குமே தவிர, தெர்மாமீட்டரில் தெரியாது.

இந்த நாலும் சேர்ந்துதான் சென்னைக்கு எதிரே உள்ள கடல்நீர் ஜனவரியில் 26, 27 டிகிரி, மே மாதத்தில் 30 டிகிரி சுமார். வருஷம் முழுக்க ஏற்ற இறக்கம் நாலு டிகிரிதான். மே மத்தியானத்தில் மெரினா மணலில் செருப்பில்லாமல் பத்து அடி நடக்க முடியாது; அலை தொடும் ஈரமணலுக்கு வந்தால் நிற்கலாம்.

கணக்குப்_பிள்ளை
வாத்தியார் சார் சொன்னதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டேன், எல்லாருக்கும் உதவும்.

மேகமில்லாத கோடைநாளில் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயிலை, முழு எண்ணாக வைத்துக்கொள்ள, 20 மெகாஜூல் என்போம் (மெகாஜூல் என்பது வெப்பசக்தியை அளக்கும் அலகு). கடலில் 20 மீட்டர் ஆழம் கலக்கிறது என்றால் அந்தச் சதுர மீட்டருக்குக் கீழே 20 கன மீட்டர் தண்ணீர். ஒரு கன மீட்டரை ஒரு டிகிரி உயர்த்தச் சுமார் 4 மெகாஜூல் வேண்டும். ஆக மொத்த நீருக்கும் 80. வந்த வெயில் முழுவதையும் கடல் அப்படியே விழுங்கி, ஒரு துளிகூட வெளியே விடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஏறுவது கால் டிகிரி.

காய்ந்த மண்ணில் 10 சென்டிமீட்டர் ஆழம் மட்டும் சூடாகிறது என்றால், அந்தப் படலத்தை ஒரு டிகிரி உயர்த்த 0.13 மெகாஜூல் போதும். 20 மெகாஜூலும் அதிலேயே தங்கினால் நூற்றைம்பது டிகிரி ஏற வேண்டும். ஏறுவதில்லை. ஏனென்றால் தரை அந்தச் சூட்டை உடனுக்குடன் மேலே உள்ள காற்றுக்கும் வானத்துக்கும் தள்ளிவிடுகிறது. நாம் அனுபவிக்கிற உள்நாட்டு வெக்கை என்பது தரை வைத்துக்கொள்ள முடியாமல் காற்றில் தள்ளிய சூடுதான்.

இன்னொரு தகவல்: பூமியின் வாயுமண்டலம் முழுவதுக்கும் இருக்கும் வெப்பக் கொள்ளளவு, கடலின் மேல் மூன்று மீட்டர் நீருக்குச் சமம், அவ்வளவுதான். கடலின் சராசரி ஆழம் 3,700 மீட்டர் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காசிமேட்டுக்காரன்
எங்க வீட்ல தாத்தா காலத்துல பாய்மரம் கட்டித்தான் போவாங்க. விடியுறதுக்கு முன்னாடி கரையிலருந்து கடலுக்கு ஒரு காத்து வீசும், அதைப் புடிச்சுப் போயிடுவாங்க. மத்தியானம் கடல்லருந்து கரைக்கு அடிக்கிற காத்துல திரும்பி வந்துடுவாங்க. மோட்டார் வந்தப்புறம் அதுக்கு அவசியம் இல்ல. ஆனா இன்னைக்கும் காத்தப் பாக்காம யாரும் எறங்க மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன். மே, ஜூன் மாசத்துல மேகாத்து, அதாவது மேற்கிலருந்து வர்ற காத்து, கெட்டியா அடிச்சா அன்னைக்குக் கடக்காத்து லேட்டாத்தான் வரும். சில நாள் வரவே வராது. அந்த நாள்ல கரையிலயே நெருப்புல நிக்கிற மாதிரி இருக்கும்.

பாலாற்றங்கரை
எல்லாருக்கும் நன்றி. காசிமேட்டு அண்ணன் சொன்னதுதான் என் சந்தேகத்துக்குப் பதில் மாதிரி தெரிகிறது. அந்த 42, 43 நாட்கள் எல்லாம் இந்த மேல்காற்று நாட்கள்தானா?

புவியியல்_வாத்தியார்
அதேதான். என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது: "கடல் எவ்வளவு தூரம்?" என்று கேட்பதற்கு முன்னால் "காற்று எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். கடல் தன் குளிர்ச்சியைத் தானாக நடத்திக்கொண்டு வராது. காற்று தூக்கிக்கொண்டு வந்தால்தான் உண்டு.

நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்திலிருந்து கடல் நாலைந்து கிலோமீட்டர்தான். அங்கேதான் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. சென்னையில் 1796 முதல் வானிலை குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த நீண்ட வரலாற்றிலேயே அதுதான் உச்சம். கடல் அன்றைக்கும் அதே இடத்தில், அதே 30 டிகிரியில்தான் இருந்தது.

எப்படி என்று பார்ப்போம். காலையில் தரை சூடாகும். தரைமேல் காற்று விரிந்து எழும், தரையில் காற்றழுத்தம் லேசாகக் குறையும். ஒரு மில்லிபார் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வித்தியாசம் போதும், கடல்மேல் உள்ள கனமான காற்று கரைக்குள் புகும். இதுதான் கடற்காற்று. சென்னையில் கோடையில் முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் ரெண்டுக்குள் வரும். வந்த அரை மணி நேரத்தில் மூன்று நாலு டிகிரி இறங்குவது சாதாரணம்.

எதிரே மேல்காற்று பலமாக இருந்தால் இந்த ஒரு மில்லிபார் அதைத் தள்ள முடியாது. அந்த மேல்காற்று எங்கிருந்து வருகிறது? கர்நாடகப் பீடபூமியிலிருந்து. பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். மே மாதப் பிற்பகலில் அங்கே 33 டிகிரி என்று வையுங்கள். வறண்ட காற்று கீழே இறங்கும்போது அமுக்கப்பட்டு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 டிகிரி சூடாகும். 900 மீட்டர் இறங்கினால் 9 டிகிரி. 33-உம் 9-உம் 42. பெங்களூருவில் இதமாக இருந்த அதே காற்று சென்னைக்கு வரும்போது 42. வழியில் வேலூர் தரைச்சூடும் சேரும்.

வங்கக்கடலில் புயல் உருவாகி ஆந்திரா, ஒடிசா பக்கம் போகும்போது சென்னை வெந்துபோவதும் இதனால்தான். புயல் தன்னைச் சுற்றிக் காற்றை இழுக்கும். நாம் அதற்குத் தென்மேற்கே இருப்பதால் நம்மேல் வருவது உள்நாட்டுக் காற்று. புயல் என்றாலே குளிர்ச்சி என்று எதிர்பார்ப்பவர்கள் அந்த நாட்களில் ஏமாந்துபோவார்கள்.

இப்போது வரைபடத்தில் 13 டிகிரி வடக்கு அட்சரேகையை மேற்கே பிடித்துக்கொண்டு போங்கள். சென்னை, வேலூர், பெங்களூரு, மங்களூரு நாலும் அனேகமாக ஒரே கோட்டில் வரும். மே மாதச் சராசரி உச்ச வெப்பநிலை சென்னையில் 37ஐ ஒட்டி, மங்களூருவில் 33ஐ ஒட்டி. இரண்டும் கடற்கரை நகரம். சூரியனும் ஒன்றுதான். மங்களூருவுக்கு அந்த மாதத்தில் பெருங்காற்றே அரபிக்கடலிலிருந்து வருகிறது, கடற்காற்றுக்குத் துணை நிற்கிறது. நமக்கு எதிர்த்து நிற்கிறது. மேற்குக் கரையிலும் மும்பை மாதிரி நகரங்களில் கொடும் வெயில் நாட்கள் மார்ச் மாதத்தில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அப்போது அங்கே கிழக்கே நிலத்திலிருந்து காற்று அடிக்கும். கதை ஒன்றுதான், திசை மட்டும் மாறுகிறது.

மட்டுநகரான்
வாத்தியார் ஐயா, நீங்கள் சொல்லுறது எங்கட ஊருக்கு அச்சொட்டாப் பொருந்துது. மட்டக்களப்பில கடல் ஒரு பக்கம், வாவி மறுபக்கம். சுத்திவரத் தண்ணி. எண்டாலும் ஆனி, ஆடி மாசத்தில கச்சான் காத்து தொடங்கினா உடம்பு எரியும். உதடு வெடிக்கும், புல்லெல்லாம் காஞ்சு போகும்.

அந்தக் காத்து தென்மேற்குப் பருவக்காத்துத்தான். மேற்குப் பக்கம் மலைநாட்டில ஏறி மழையக் கொட்டிப்போட்டு, எங்கட பக்கம் இறங்கேக்க காய்ஞ்சு சூடாகி வருது. கொழும்பில ஜூன் மாசம் 30 சொச்சம், அதே நேரம் திருகோணமலையில 34, 35. ரெண்டுமே துறைமுகப் பட்டினம்தானே. மாரியில வாடைக்காத்து கடலால வரத் தொடங்கினாப் பிறகுதான் எங்களுக்கு ஆறுதல்.

கொங்குக்காற்று
எங்க கோயமுத்தூரு கதை இதுக்கு நேர் எதிர்ங்க. கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி, அதுவும் மலைக்கு அந்தப் பக்கம். ஆனா ஜூன் வந்துட்டா மதியமே 31, 32தான். சாயங்காலம் சும்மா சிலுசிலுன்னு இருக்கும்.

காரணம் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத்தொடர்ச்சி மலையில முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து. மலை ஏறி இறங்காம அரபிக்கடல் காத்து நேரா உள்ள வந்துடுது. ஏறி இறங்கலீன்னா காயறதும் இல்ல, சுடறதும் இல்ல. பல்லடம், உடுமலைப் பக்கம் கரண்டு எடுக்குற காத்தாடியெல்லாம் மரம் நட்ட மாதிரி நிக்கிறது இந்தக் காத்த நம்பித்தான். தெற்க ஆரல்வாய்மொழி, முப்பந்தலும் அதே கணக்கு.

ஆனா அந்தக் குளிர்ச்சி ரொம்ப தூரம் தாங்காதுங்க. தாராபுரம் தாண்டிக் கரூர் போறதுக்குள்ள தரைச்சூடு ஏறிப்போயிடும். தமிழ்நாட்டுல வெயில் பட்டியல் வந்தா கரூர் பரமத்தி பேரு இல்லாம இருக்குதா பாருங்க.

விரிகுடாவாசி
கலிபோர்னியாவிலிருந்து எழுதுகிறேன். கொங்கு அண்ணன் சொன்ன கணவாய்க் கதையை இங்கே தினமும் பார்க்கலாம். சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை மாத உச்சம் சராசரியாக 20 டிகிரிகூடத் தொடாது. ஸ்வெட்டர் இல்லாமல் வரும் சுற்றுலாப் பயணிகள் நடுங்கிக்கொண்டு நிற்பார்கள். உள்ளே நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி சாக்ரமென்டோவில் அதே மாதம் 33, 34. சில நாள் 40ஐத் தாண்டும்.

நடுவில் கடலோர மலைத்தொடர் ஓடுகிறது. அதில் நீர்வழி வெட்டிக்கொண்டு போகிற ஒரு சந்து வழியாகச் சாயங்காலம் கடல்காற்று உள்ளே புகும். இங்கே அதை டெல்டா காற்று என்பார்கள். அது வந்த ராத்திரி சாக்ரமென்டோவில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கலாம், வராத ராத்திரி முடியாது.

ஒரு முக்கிய வித்தியாசம்: இங்கே கடலே குளிர்ந்த கடல். ஆழத்திலிருந்து மேலேறும் நீரால் கோடையிலும் 12 முதல் 15 டிகிரிக்குள்தான் இருக்கும். வங்கக்கடல் 30. ஆகவே "கடல்" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அந்தக் கடலின் சூடு எவ்வளவோ, காற்றும் ஏறத்தாழ அந்த அளவுக்குத்தான் குளிர்விக்கும்.

புவியியல்_வாத்தியார்
சரியான இடத்தைத் தொட்டீர்கள். பெருவின் லிமாவைப் பாருங்கள். பூமத்தியரேகைக்குத் தெற்கே 12 டிகிரி, சென்னை வடக்கே 13. தூரம் ஏறக்குறைய ஒன்று. லிமாவில் கோடையின் உச்சத்திலும் 27 வாக்கில்தான் இருக்கும், ஹம்போல்ட் குளிர்நீரோட்டத்தின் புண்ணியத்தில். ஆனால் அதே குளிர்நீர்தான் மழையையும் தடுத்து அந்தக் கரையைப் பாலைவனமாக வைத்திருக்கிறது. நம் கடல் சூடாக இருப்பதால்தான் ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு மழை. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

செவிலி_மலர்
வேலூர் தம்பியின் அம்மாவுக்காக இதை எழுதுகிறேன். எல்லாரும் வெப்பநிலையைப் பற்றியே பேசுகிறீர்கள். வயதானவர்களுக்கு ஈரப்பதமும் அதே அளவு முக்கியம்.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை ஆவியாவதால். வியர்ப்பதால் மட்டும் இல்லை, அது காய வேண்டும். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். வியர்வை எவ்வளவு காயும் என்பதற்கு அது ஒரு அளவுகோல்.

வேலூரில் 41 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 25 டிகிரிதான். சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் அது 30. தெர்மாமீட்டர் சென்னைக்கு 5 டிகிரி குறைவு என்கிறது. ஈரக்குமிழ் 5 டிகிரி அதிகம் என்கிறது! ஈரக்குமிழ் 35 வந்தால் ஆரோக்கியமான ஆளாலும் சில மணி நேரத்துக்குமேல் தாங்க முடியாது என்பது எல்லை. அதற்கு வெகு முன்னாலேயே வயதானவர்கள் சுருண்டுவிடுவார்கள். அவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது.

அதனால் "கடலோரம், ஏசி வேண்டாம்" என்று சொல்பவர்களை நம்பி இருந்துவிடாதீர்கள். கடற்காற்று வீட்டுக்குள் ஓட வேண்டும். கிழக்கே ஒரு ஜன்னல், அதற்கு எதிரே காற்று வெளியேற ஒரு வழி, இரண்டும் இருந்தால்தான் பயன். மேற்கு பார்த்த படுக்கையறை வேண்டவே வேண்டாம். பிரஷர் மாத்திரையில் சிலவகை சிறுநீரை அதிகமாக்கும். கோடையில் அளவு மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெசன்ட்நகர்_அக்கா
மலர் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் அடுக்குமாடியிலேயே கிழக்குப் பக்க வீட்டில் மின்விசிறி போதும், பின்பக்க வீட்டில் மதியம் உட்கார முடியாது. ஒரே கட்டிடம், ஒரே கடல்.

பாலாற்றங்கரை
இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி மேடம். ஜன்னல் திசையைப் பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பேன். பூந்தமல்லி நிலவரம் யாராவது சொல்ல முடியுமா? அப்புறம், தை மாதக் குளிர் அம்மாவுக்கு மூட்டுவலி கொடுக்கும். சென்னையில் அது எப்படி?

கணக்குப்_பிள்ளை
பூந்தமல்லி கடலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல். கடற்காற்று அங்கே வரும், ஆனால் நேரம் கழித்து வரும், வழியில் சூடாகி வரும். கரையில் பன்னிரண்டு மணிக்கு வந்த காற்று அங்கே சேர ஒன்றரை, இரண்டு ஆகிவிடும். அதற்குள் தரை உச்சத்தைத் தொட்டிருக்கும். நுங்கம்பாக்கத்தைவிட மீனம்பாக்கம் கோடையில் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி கூடுதலாகக் காட்டுவது இதே காரணத்தால். சாயங்காலத்துக்குள் காற்று இன்னும் உள்ளே போகும். சில நாள் காஞ்சிபுரம், அரக்கோணம் வரைக்கும். வேலூருக்கு வந்தால் ராத்திரிதான் வரும், வலுவிழந்துதான் வரும்.

குளிர்காலம் அம்மாவுக்கு நன்றாகவே இருக்கும். ஜனவரி ராத்திரி சராசரியாக வேலூரில் 18, 19க்கு இறங்கும். சென்னையில் 21. சென்னையில் பதிவான மிகக் குறைந்த அளவே 13.9தான், அதுவும் நூறு வருஷத்துக்கு முன்னால். கோடையில் சூட்டை வாங்கி வைத்துக்கொண்ட கடல் மார்கழி, தையில் அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

ரயில்_பயணி
குளிர்காலத்துக்கு உலக அளவில் உதாரணம் வேண்டுமானால்: அயர்லாந்தின் மேற்கு ஓரம் வாலென்ஷியா தீவும், சைபீரியாவின் இர்குட்ஸ்க்கும் ஒரே அட்சரேகை, 52 வடக்கு. வாலென்ஷியாவில் ஜனவரி சராசரி 7 டிகிரி. இர்குட்ஸ்க்கில் பூஜ்யத்துக்குக் கீழே 18. கோடையிலோ இர்குட்ஸ்க்தான் சூடு. இன்னும் வடக்கே வெர்கோயான்ஸ்க் என்று ஒரு ஊர். 1892இல் பூஜ்யத்துக்குக் கீழே 67.8. 2020 ஜூன் 20 அன்று பூஜ்யத்துக்கு மேலே 38. ஒரே ஊரில் நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம்!

புவியியல்_வாத்தியார்
ரயில் பயணி ஐயா சொன்னதோடு விளாடிவாஸ்டாக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரஷ்யாவின் பசிபிக் பெருங்கடல் துறைமுகம், 43 வடக்கு. கடல் கால் நனைக்கும் தூரம். ஜனவரி சராசரி பூஜ்யத்துக்குக் கீழே 12. அதே 43இல் ஸ்பெயினின் அட்லாண்டிக் கரையில் லா கொருன்யா, ஜனவரியில் 10 டிகிரி சுமார். காற்று விளாடிவாஸ்டாக்குக்குச் சைபீரியாவிலிருந்து வருகிறது, லா கொருன்யாவுக்கு அட்லாண்டிக்கிலிருந்து வருகிறது. கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்ப்பவர்கள் இந்த இரண்டு ஊரையும் எப்படி விளக்குவார்கள்?

ஓஎம்ஆர்_வாசி
ஒரு மாற்றுக் கருத்து. காற்றின் திசை எல்லாம் சரி, கடற்கரையை ஒட்டிக் கட்டியிருக்கிற அடுக்குமாடிகளைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? முன்பெல்லாம் இங்கே வந்த காற்று இப்போது வருவதில்லை. சுவர் மாதிரி நின்று மறிக்கின்றன. அரசு இதைத் தடுத்திருக்க வேண்டும்.

கணக்குப்_பிள்ளை
உங்கள் ஆதங்கம் நியாயம், ஆனால் "மறிக்கிறது" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கடற்காற்றுப் படலம் நூற்றுக்கணக்கான மீட்டர் உயரம். இருபது மாடி என்றால் அறுபது, எழுபது மீட்டர். ஊருக்குள் கடற்காற்று வருவதை அது நிறுத்தாது. ஆனால் தரைமட்டத்தில், கட்டிடத்தின் பின்பக்கத் தெருவில், வேகத்தை நன்றாகக் குறைத்துவிடும். புழுக்கத்தில் வேகம்தான் உயிர். ஆகவே பின்தெருவில் குடியிருப்பவருக்கு நீங்கள் சொல்வது முழு உண்மை. கூடவே கான்கிரீட்டும் தாரும் பகல் சூட்டை வாங்கி ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும்.

ஓஎம்ஆர்_வாசி
ஏற்கிறேன். ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பை நிரப்பியதையும் இதில் சேர்க்க வேண்டும். அங்கே இருந்த தண்ணீரும் ஒரு குட்டிக் கடல் மாதிரி வேலை செய்ததுதான். அதை மண்ணடித்துத் தார் போட்டால் கணக்குப் பிள்ளை போட்ட அந்த 10 சென்டிமீட்டர் கணக்குக்குள் நாமே போய் விழுகிறோம்.

கணக்குப்_பிள்ளை
அதில் மறுபேச்சே இல்லை. ஏரியை நிரப்புவது காற்றுக்கும் கேடு, வெள்ளத்துக்கும் கேடு.

கடலூர்_மாணவி
ஐயா, நான் கல்லூரியில் படிக்கிறேன். கடல் இவ்வளவு சூட்டைத் தாங்குகிறது என்றால் புவி வெப்பமாவதையும் அது தாங்கிக்கொள்ளாதா?

புவியியல்_வாத்தியார்
தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, அம்மா. நாம் வெளியிடும் பசுமைக்குடில் வாயுக்களால் பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. ஐபிசிசி என்ற ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழுவின் ஆறாவது அறிக்கைப்படி, 1850–1900 காலத்தோடு ஒப்பிட்டால் 2011–2020க்குள் நிலப்பரப்பு 1.59 டிகிரி சூடாகியிருக்கிறது, கடல்பரப்பு 0.88 டிகிரி. நிலத்தில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு விலை உண்டு. விரிகுடாவாசி சொன்ன மாதிரி, கடலின் சூடு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் அது குளிர்விக்கும். 30 டிகிரி கடல் 31 ஆனால் கடற்காற்றும் ஒரு டிகிரி சூடாக வரும். சூடான காற்று ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைச் சுமக்கும். செவிலி மலர் கணக்குப் போட்டுக் காட்டிய அந்த 30 டிகிரி ஈரக்குமிழ் மேலே போகும். கடற்கரைக்காரர்களுக்கு ஆபத்து 45 டிகிரி வெயிலாக வருவதைவிட, ராத்திரியிலும் 29, 30க்குக் கீழே இறங்காத புழுக்கமாக வரும். உடம்புக்கு ஓய்வே கிடைக்காது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை இருக்கிறது. வெப்ப அலை எச்சரிக்கையை வெறும் உச்ச வெப்பநிலையை வைத்துக் கொடுத்தால் மே மாத ராயபுரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுத்திருப்பவர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்.

காசிமேட்டுக்காரன்
வாத்தியாரே, ராத்திரி கரைக்காத்தும் இப்ப முன்ன மாதிரி இல்ல. ஊரு ஆறினாத்தானே கரையிலருந்து கடலுக்குக் காத்து போகும். ஊரே கொதிச்சிக்கிட்டு கெடக்கு.

புவியியல்_வாத்தியார்
அருமையாகச் சொன்னீர்கள் அண்ணே. நிலம் கடலைவிடக் குளிர்ந்தால்தான் நிலக்காற்று. கான்கிரீட் நகரம் விடியும்வரை ஆறாமல் இருந்தால் அந்தக் காற்று வலுவிழக்கும். உங்கள் தாத்தாவுக்குக் கிடைத்த விடிகாலைக் காற்று, ஊர் அப்போது சீக்கிரம் ஆறியதால் கிடைத்தது.

கடலூர்_மாணவி
இன்னும் ஒன்றே ஒன்று ஐயா. ஜூன், ஜூலையில் சென்னையில் சாயங்காலம் திடீர் இடிமழை வருகிறதே, அதற்கும் கடற்காற்றுக்கும் சம்பந்தம் உண்டா?

புவியியல்_வாத்தியார்
நேரடிச் சம்பந்தம். அந்த மாதங்களில் மேலே மேற்கிலிருந்து பருவக்காற்று, கீழே கிழக்கிலிருந்து கடற்காற்று. இரண்டும் முட்டும் இடத்தில் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் மேலே எழும். கடற்காற்று கொண்டுவந்த ஈரமும் சேர்ந்து எழும். அங்கேதான் இடிமேகம் கட்டுகிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் கட்டிய மேகத்தை மேல்காற்று திரும்பக் கடலை நோக்கித் தள்ளும். ஏழு, எட்டு மணிக்குச் சென்னையில் கொட்டும். பகல் வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு நல்ல மழைக்கு வாய்ப்பு.

வானிலைத் துறையின் இணையதளத்தில் சென்னைத் துறைமுக ரேடார் படம் இலவசமாகவே கிடைக்கிறது. வெயில் நாளில் பிற்பகல் ஒரு மணிக்கு மேல் திறந்து பாருங்கள். கரைக்கு இணையாக, மழையே இல்லாத இடத்தில், மெல்லிய கோடு ஒன்று தெரியும். அதுதான் கடற்காற்றின் முன்முனை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துப் பார்த்தால் அந்தக் கோடு தாம்பரம், பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் என்று மேற்கே நகர்வது தெரியும். கோடு எங்கே நின்றுபோகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, சாயங்காலம் மேகம் எங்கே கட்டுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கடலூருக்குக் காரைக்கால் ரேடார் பக்கம். இந்தக் கோடையில் குறித்து வைத்து இங்கேயே பதிவிடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.